காணாமல் போகும் குரல்கள்

ஊருக்கு ஊர் பிரிந்து கிடக்கும் எடிட்டிங் அறைகளில் ஒரு புதிய தலைவலி. மருந்து எளிது, நோய் எதுவென்று தெரியவேண்டும்.

படம் துல்லியம். பேட்டி தருபவரின் உதடுகள் அசைகின்றன. ஆனால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. மின்விசிறியின் இரைச்சல்தான் தெளிவாகக் கேட்கிறது. கொச்சியில் இருக்கும் எடிட்டர் போனை எடுக்கிறார். மும்பை அலுவலகத்தின் பதில்: "இங்கே நன்றாகக் கேட்கிறதே!"

இருவர் சொல்வதும் உண்மை. இருவரும் பார்ப்பது ஒரே காட்சி. ஒரே ஃபைல் அல்ல. நொடிக்கு 250 மெகாபிட் வீதம் பதிவு செய்யும் 4கே காமிராவில் ஒரு மணி நேரப் படம் 110 ஜிகாபைட்டைத் தாண்டும். எனவே மூலத்தைப் பத்திரப்படுத்திவிட்டு, 'ப்ராக்ஸி' எனப்படும் மெலிந்த நகலை அனுப்புகிறார்கள். நொடிக்கு 10 மெகாபிட் என்றால் அதே ஒரு மணி நேரம் சுமார் 4.5 ஜிகாபைட்தான். 2020 ஊரடங்கு எடிட்டர்களை வீட்டுக்கு அனுப்பியது. 2022ல் வந்த டாவின்சி ரிஸால்வ் 18, பல ஊர்க்காரர்கள் இணையம் வழியே ஒரே படத்தில் வேலை செய்ய வழி செய்தது.

சுருக்கும்போதுதான் குரல் தொலைகிறது. தொழில்முறை காமிராக்கள் பல, 4 ஆடியோ சேனல்களைத் தனித்தனியே பதிவு செய்கின்றன. முதல் சேனலில் காமிரா மேலுள்ள மைக், இரண்டாவதில் பேசுபவரின் சட்டையில் குத்திய மைக் என்று வைத்துக்கொள்வோம். நகல் எடுக்கப் பலரும் நம்பும் இலவச ஸாப்ட்வேரான எஃப்எஃப்எம்பெக், எல்லாவற்றையும் எடு என்று கட்டளையிடாவிட்டால் ஒரே ஒரு ஆடியோவை மட்டுமே எடுத்துக்கொள்ளும். சட்டை மைக் அதோடு அம்பேல்.

விபரீதம் அடுத்துதான். 'ஒலியே பதிவாகவில்லை' என்று முடிவு கட்டிவிடுவார்கள். படப்பிடிப்புத் தளத்திலேயே குரலைப் பதிவு செய்த 'லகான்' (2001) போன்ற படமென்றால் நடிகரை டப்பிங்குக்கு அழைக்கலாம். ஆவணப் படத்தில் பேசிய முதியவரை மறுபடி பேச வைக்க முடியுமா?

அடோபி பிரீமியர், சேனல் எண்ணிக்கை ஒத்துப்போகாத ப்ராக்ஸியை மூலத்தோடு சேர்க்க மறுத்துவிடும். அந்தப் பிடிவாதம் நல்லதே. ஆனால் நகலையே மூலம்போல வைத்து வெட்டி ஒட்டுபவர்களுக்கு அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. கடைசியில் மூலத்தை இணைத்தாலும் விடுபட்ட சேனல்கள் தாமாகவே டைம்லைனில் வந்து உட்காராது. சேனல் அமைப்பை மாற்றினாலும் இனி வைக்கும் துண்டுகளுக்கே பொருந்தும். ஏற்கெனவே வைத்தவற்றைத் திரும்ப வைக்கவேண்டும்.

பரிசோதனைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மூல ஃபைலை மீடியாஇன்ஃபோ என்ற இலவச ஸாப்ட்வேரில் திறந்து சேனல்களை எண்ணவேண்டும். காதால் மட்டும் சோதிப்பது ஆபத்து: விஎல்சி ஒரு நேரத்தில் ஒரு ஆடியோ டிராக்கைத்தான் ஒலிக்கும். அடுத்து நகலை எண்ணவேண்டும். இரண்டும் சமமானால் கோளாறு எடிட்டிங் ஸாப்ட்வேரின் சேனல் அமைப்பில். நகலில் குறைந்தால், எல்லா சேனல்களோடும், அதே பெயர், அதே டைம்கோடில் புதிய நகல் எடுக்கவேண்டும்.

இதையெல்லாம் முதல் நாளே, ஒரே ஒரு க்ளிப்பை வைத்துச் செய்துவிடலாம். அதுவரை காமிராவின் மெமரி கார்டை யாரும் அழிக்காமலிருந்தால் போதும்.