வளைய ஏரியலின் இயல்பும் பயனும்

மத்திய அலை நிகழ்ச்சிகளைக் கேட்டற்குரிய சிறு திரான்சிற்றர் வானொலிப் பெட்டி ஒன்றை மேசைமீது வைத்து மெல்லச் சுழற்றுவோர் வியப்பான ஒன்றைக் காண்பர். தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்த நிலையம் பெட்டி திரும்பத் திரும்பச் சிறிது சிறிதாகத் தளர்ந்து, ஒரு குறித்த நிலையில் இரைச்சலுள் மறைந்துவிடும். மேலுஞ் சிறிது திருப்பின் மீண்டும் எழும். ஒரு முழுச் சுற்றில் இவ்வாறு இருமுறை அடங்கி இருமுறை எழும். நிலையம் தன் வலுவைக் குறைத்ததுமில்லை. பெட்டி தன் இடத்தைவிட்டுப் பெயர்ந்ததுமில்லை. பெட்டியினுள்ளே கிடக்கும் சிறிய கம்பிச்சுருளே இம்மாற்றத்திற்குக் காரணம். வளைய ஏரியல் எனப்படுங் கருவியின் ஒரு வடிவமே அச்சுருளாகும்.

ஏரியல் என்றவுடன் கூரைக்கும் மரத்துக்கும் இடையே உயரக் கட்டிய நெடுங்கம்பியே பலர்க்கும் நினைவில் வரும். வளைய ஏரியல் அதனின் வேறானது. மரச்சட்டம் ஒன்றிற் சில சுற்றுக் கம்பியைச் சுற்றி, அதன் இரு முனைகளையும் ஒரு மாறும் ஒடுக்கியுடன் இணைத்தால் அதுவே வளைய ஏரியல். வளையத்தின் சுற்றளவு அலைநீளத்தின் பத்திலொரு பங்களவிற்கு மேற்படாதிருப்பின் அது சிறு வளையம் எனப்படும். 1000 கிலோஹேர்ட்சு மீடிறனுடைய அலையின் நீளம் 300 மீற்றர் ஆதலின், ஒரு மீற்றர்ப் பக்கமுடைய சதுரச் சட்டத்தில் எட்டுச் சுற்றுக் கம்பி சுற்றினும் அது சிறு வளையமே.

இவ்வளையம் தொழிற்படுமாற்றை விளங்கிக்கொள்ளுதல் அரிதன்று. மத்திய அலை நிலையத்தின் கோபுரம் நிமிர்ந்து நிற்பது; அதனின்று நிலத்தையொட்டி வரும் அலையின் மின்புலமும் நிலைக்குத்தாகவே இருக்கும். ஆகவே, நிமிர்த்தி நிறுத்திய சதுர வளையத்தின் இரு நிலைக்குத்துப் பக்கங்களிலேயே அலை மின்னியக்க விசையைத் தூண்டும். வளையத்தின் முகம் நிலையத்தை நோக்கி நிற்பின், இரு பக்கங்களையும் அலை ஒரே கணத்தில் அடைகின்றது. இரண்டிலும் எழும் விசைகள் சமமாயிருந்து, வளையத்தைச் சுற்றி ஒன்றையொன்று எதிர்த்து அழிந்துவிடும். வளையத்தின் விளிம்பு நிலையத்தை நோக்கி நிற்பின், அலை ஒரு பக்கத்தை முன்னும் மற்றதைப் பின்னும் அடைகின்றது. ஒரு மீற்றர் இடைவெளியால் விளையும் அவத்தை வேறுபாடு 300 மீற்றர் அலைக்கு ஏறத்தாழ 1.2 பாகையே. எனினும், இரு விசைகளும் முற்றாக அழிந்துபோகாமல் ஒரு சிறு மிச்சம் எஞ்சும். அம்மிச்சமே வளையம் பெறும் சமிக்ஞை. அலையின் காந்தப்புலம் வளையத்தை ஊடறுத்து மாறுதலால் மின்னியக்க விசை தூண்டப்படுகின்றது என, 1831-இல் பரடே கண்ட விதியைக்கொண்டு கூறினும் பெறப்படும் விடை இதுவே.

அந்த மிச்சம் எவ்வளவினது? சுற்றுக்களின் தொகையையும் வளையத்தின் பரப்பையும் 2π என்பதனாற் பெருக்கி அலைநீளத்தால் வகுத்தால், வளையத்தின் பயன்படும் உயரம் கிடைக்கும். மேற்கூறிய எட்டுச் சுற்று வளையத்திற்கு அஃது ஏறத்தாழ 17 சதமமீற்றர். மீற்றருக்கு ஒரு மில்லிவோல்ற்று வலுவுடைய அலையிலிருந்து அவ்வளையம் 0.17 மில்லிவோல்ற்றையே பெறும். ஒடுக்கியைத் திருப்பி வளையத்தை அலையின் மீடிறனுக்குப் பரிவுறச் செய்யின், நல்ல சுருளொன்றில் இது நூறு மடங்களவு பெருகி 17 மில்லிவோல்ற்று ஆகலாம்.

ஆயினும், உயரக் கட்டிய நெடுங்கம்பியோடு ஒப்பிடின் வளையம் பெறுவது குறைவே. அவ்வாறாயின் அதனை விரும்புவானேன் என்னும் ஐயம் எழலாம். மத்திய அலையிற் கேட்போர்க்கு இடையூறாவது பெரும்பாலும் பெட்டியினுள் எழும் இரைச்சலன்று. இடிமின்னலாலும் மின்கருவிகளாலும் வெளியே தோன்றி ஏரியலின் வழியாகவே புகும் இரைச்சலாகும். நெடுங்கம்பி சமிக்ஞையை மிகுத்து வாங்கும்போது இவ்விரைச்சலையும் உடன் மிகுத்தே வாங்குகின்றது. இரண்டும் ஒரே வீதத்திற் கூடினாலும் குறைந்தாலும் கேட்போன் இழப்பதும் பெறுவதும் இல்லை. வேண்டியது ஒலியின் பெருமையன்று. இரைச்சலினின்று ஒலியைப் பிரித்தறியுந் தன்மையே. இரைச்சல் ஒரு திசையினின்று வருமாயின், வளையத்தின் முகத்தை அத்திசைக்குத் திருப்பி அதனை அடக்கலாம். எல்.ஈ.டி. விளக்குக்களும் மின்னேற்றிகளும் வீடுதோறும் இரைச்சல் எழுப்பும் இக்காலத்தில் இப்பயன் முன்னையிலும் மிகுந்துள்ளது. இராக்காலத்தில் ஒரே மீடிறனில் இரு நிலையங்கள் கலந்து ஒலிப்பின், ஒன்றை அடக்கி மற்றதைக் கேட்டலும் இம்முறையால் இயலும்.

இனி, வளையத்தின் தலையாய பயனை நோக்குதல் தகும். அது திசை காட்டுதலாகும். ஒலி மிக உரத்துக் கேட்கும் நிலையே திசையைக் காட்டுமெனப் பலர் எண்ணுவர்; உண்மை அதற்கு மாறானது. உரத்த நிலையிலிருந்து வளையத்தைப் பத்துப் பாகை திருப்பின் சமிக்ஞை நூற்றில் 1.5 பங்கே குறையும். அதனைச் செவி உணராது. அடங்கிய நிலையிலிருந்து அதே பத்துப் பாகை திருப்பினாலோ, சமிக்ஞை தன் உச்ச அளவில் நூற்றுக்குப் பதினேழு பங்கிற்கு எழுந்துவிடும். ஆதலால், திசை காண்போர் ஒலியைத் தேடாது ஒலியின்மையையே தேடுவர். இரு வேறு நிலையங்களின் திசைகளை இவ்வாறு கண்டு படத்திற் கோடுகளாக வரையின், அவை வெட்டும் இடமே கப்பல் நிற்கும் இடமாகும். ஒரு நிலையம் முன்னே உள்ளதோ பின்னே உள்ளதோ என வளையம் தனித்துக் கூறாது. நிமிர்ந்த கம்பியொன்றின் சமிக்ஞையை ஏற்ற அவத்தையில் அதனோடு சேர்த்தால், இரு பக்கங்களுள் ஒன்று வலுத்து மற்றது மெலியும், ஐயமும் நீங்கும்.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. மேற்கூறிய விளக்கமெல்லாம் நிலத்தையொட்டி வரும் அலைக்கே பொருந்தும். அயன மண்டலத்திற் பட்டுத் திரும்பி மேலிருந்து இறங்கும் அலையில் மின்புலம் சாய்ந்தும் கிடையாகவும் அமையும். அப்பொழுது வளையத்தின் கிடைப்பக்கங்களிலும் விசை தூண்டப்படுவதால், அடங்கும் நிலை மங்கும்; அல்லது பிறிதொரு திசையிற் பொய்யாகத் தோன்றும். மத்திய அலையில் இவ்விடர் இரவில் நேர்வது. சிற்றலையிற் பகலிலும் நேர்வது. இதனை நீக்கற்பொருட்டே அட்கொக் என்னும் ஆங்கிலேயப் பொறியியலார் 1919-இல் கிடைப்பக்கங்களின் தூண்டலை விலக்கி, நிமிர்ந்த ஏரியல்களை இடைவெளியிட்டு நிறுத்தும் முறையை வகுத்தார்.

அடங்கும் நிலை கிடையாதபோது நேரக்கூடிய கேட்டினை 1937-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் நிகழ்ச்சி உணர்த்தும். உலகைச் சுற்றிப் பறக்கப் புறப்பட்ட அமெலியா ஏர்ஹார்ட் என்னும் அமெரிக்கப் பெண்மணியும் வழிகாட்டியான பிரெட் நூனனும் நியூகினியின் லே நகரிலிருந்து பசிபிக் சமுத்திரத்தின் நடுவே கிடக்கும் ஹவ்லண்ட் என்னும் சிறு தீவை நாடி வந்தனர். கடக்கவேண்டிய தூரம் 4,000 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. தீவினருகே இற்றாஸ்கா என்னுங் கப்பல் அவர்களுக்காகக் காத்துநின்றது. விமானத்தில் வளைய ஏரியலும் இருந்தது. அவர் கேட்டவாறே கப்பல் 7500 கிலோஹேர்ட்சில் சமிக்ஞை அனுப்பிற்று. தமக்கு அது கேட்கின்றதென்றும், ஆனால் ஒலி அடங்கும் நிலையைக் காண இயலவில்லையென்றும் அவர் அறிவித்தார். 7500 கிலோஹேர்ட்சு 40 மீற்றர்ச் சிற்றலை. அத்தகைய அலையில் எளிய வளையத்தாற் காணுந் திசை நம்பத்தக்கதன்று. விமானம் தீவை அடையவில்லை, இருவரும் மீளவுமில்லை. சமிக்ஞை கேட்டதே, திசைமட்டும் கிட்டவில்லை.

1950-களிற் பரவிய பெரைற்றுத் தண்டு இவ்வளையத்தை உள்ளங்கையளவிற்குச் சுருக்கிவிட்டது. காந்தப்புலக் கோடுகளைத் தன்னுள் எளிதில் ஈர்த்துச் செறியச் செய்யும் அத்தண்டின்மீது கம்பியைச் சுற்றினால், சிறு சுருளும் பெரிய சட்டத்தின் வேலையை ஒருவாறு செய்யும். திரான்சிற்றர்ப் பெட்டியுள் இருப்பது அதுவே. தண்டின் முனை நிலையத்தை நோக்கும்போது ஒலி அடங்கும். பகற்பொழுதில் திசையறி கருவியொன்றை அருகில் வைத்து இதனைச் செய்துபார்க்கும் மாணவன், தன் ஊரினின்று ஒலிபரப்புக் கோபுரம் நிற்குந் திசையைத் தானே கண்டறிவான். ஒலி அடங்கும் இடமும் செய்தி தருவதே என்பதும் அவனுக்கு அப்பொழுது விளங்கும்.