கட்டடங்களுக்கும் மதிப்பெண் உண்டு!

சென்ற கோடை விடுமுறையில் பிள்ளையார்பாளையத்தில் உள்ள என் பாட்டி வீட்டிற்குச் சென்றிருந்தேன். நெசவாளர் வீடு. திண்ணை, நடை, அதையடுத்து நீண்ட கூடம். கூடத்தில் இரண்டு குழித்தறிகள். "இந்த வருஷம் இதை இடிச்சுட்டு மாடி வீடா கட்டிடலாம்னு இருக்கேன்" என்றார் மாமா. பிறகு ஒரு செங்கல்லை எடுத்து என் கையில் கொடுத்தார். சாம்பல் நிறம். விளிம்புகள் கத்தியால் நறுக்கியதுபோல் நேராக இருந்தன. "கடைக்காரர் சொல்றாரு, இதுல கட்டினா வீட்டுக்கே பசுமைச் சான்றிதழ் கிடைக்குமாம். நீதான் சயின்ஸ் டீச்சராச்சே, நிஜமான்னு சொல்லும்மா" என்றார்.

அப்போது எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஊர் திரும்பிப் படித்துத் தெரிந்துகொண்டு மாமாவிடம் சொன்னதையே இங்கு உங்களுக்கும் எழுதுகிறேன்.

பசுமைக் கட்டடம் என்றால் பச்சை வண்ணம் பூசிய கட்டடம் என்றோ, மாடியில் தோட்டம் போட்ட கட்டடம் என்றோ எண்ணிவிடக் கூடாது. கட்டும்போதும், பின்னர் மனிதர் அதில் வாழும் காலம் முழுவதும், மின்சாரம், தண்ணீர், மண், மரம் ஆகியவற்றைக் குறைவாகச் செலவழித்து, உள்ளே இருப்போரின் உடல்நலத்திற்கும் கேடு செய்யாத கட்டடமே அது. இதை அளந்து சான்று வழங்கும் முறை 1990ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தோன்றியது. பின்னர் அமெரிக்காவில் 'லீட்' என்னும் முறை வந்தது. நம் நாட்டில் ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியப் பசுமைக் கட்டட மன்றம் 2001இல் அமைந்தது. 'கிருஹா' என்னும் மற்றொரு முறை மதிப்பெண்ணை நட்சத்திரங்களாக மாற்றித் தருகிறது. அமெரிக்காவுக்கு வெளியே லீட் முறையின் மிக உயர்ந்த பிளாட்டினம் தகுதியை முதலில் பெற்ற கட்டடம் ஹைதராபாத்தில்தான் இருக்கிறது. 2004இல் அதைத் திறந்து வைத்தவர் நம் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்கள். சென்னை ஓமந்தூரார் தோட்டத்தில் சட்டமன்றத்திற்காக எழுப்பப்பட்டு 2010இல் திறக்கப்பட்ட கட்டடம் தங்கத் தகுதி பெற்றது. 2014 முதல் அது அரசு மருத்துவமனையாக இயங்கி வருகிறது.

மதிப்பெண் என்றதும் உங்களுக்கு ஆர்வம் வந்திருக்கும்! 2013இல் வெளியான லீட் நான்காம் பதிப்பை வைத்துச் சொல்கிறேன் (2025இல் ஐந்தாம் பதிப்பு வந்துவிட்டது, அதில் கணக்கு மாறியிருக்கிறது). மொத்தம் 110 மதிப்பெண்கள். 40 பெற்றால் தேர்ச்சி, 50 வெள்ளி, 60 தங்கம், 80 பிளாட்டினம். புதுக் கட்டடங்களைப் பொறுத்தவரை இதில் கட்டுமானப் பொருள்களுக்கு நேரடியாக உரியவை 13 மட்டுமே. ஆகவே எந்தச் செங்கல்லும் தானாக ஒரு வீட்டிற்குச் சான்றிதழ் வாங்கித் தர முடியாது. பொருள்களுக்கென்று தனிப் பசுமை முத்திரைகள் உண்டு. 'கிரீன்ப்ரோ' அவற்றுள் ஒன்று. ஆனால் அது பொருளுக்கு உரிய முத்திரை, வீட்டிற்கு உரியது அல்ல. கடைக்காரர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டார்.

13 என்பது குறைவு என்று அலட்சியப்படுத்த வேண்டாம். நல்ல பொருள் பிற பாடங்களிலும் மதிப்பெண் வாங்கும். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைத் தட்டோடு வீட்டைக் குளிர வைப்பதால் மின்சாரக் கணக்கிலும் மதிப்பெண் தேடித் தருகிறது. நெடியற்ற வண்ணப் பூச்சு உள்காற்றின் தூய்மைக்கு மதிப்பெண் தருகிறது. இதற்கு மாறாகவும் நடப்பதுண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2000ஆம் ஆண்டிலிருந்தே கண்ணாடித் தொழிற்சாலை இயங்குகிறது. நமக்கு அருகில் கிடைக்கும் பொருள்தான். ஆனால், அருகில் கிடைக்கிறதே என்று நம் ஊர் வெயிலில் நான்கு புறமும் சாதாரணக் கண்ணாடிச் சுவர் வைத்தால், குளிர்சாதனப் பெட்டி மூச்சு வாங்க வேண்டியதுதான்.

இனி அந்தச் சாம்பல் நிறக் கல்லுக்கு வருவோம். அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்தபின் எஞ்சும் நுண்ணிய சாம்பலை, சுண்ணாம்போ சிமெண்டோ சேர்த்து அழுத்தி, நீரில் பதப்படுத்திச் செய்வது அது. சூளையில் சுடுவதில்லை, விறகும் நிலக்கரியும் மிச்சம். வயலின் மேல்மண்ணையும் வெட்டுவதில்லை. நம் ஏரிக்கரைகளுக்கு அருகே செங்கல் சூளைகளுக்காகத் தோண்டிய பள்ளங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அனல்மின் நிலையங்களின் சுற்றுவட்டாரத்தில் இச்சாம்பலைச் செங்கல்லில் சேர்க்க வேண்டும் என்று மத்திய அரசு 1999ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டது. கழிவிலிருந்து பிறந்த பொருள் என்பதால் இதற்கு மதிப்பெண் உண்டு. அருகிலிருந்து வந்தால் மதிப்புக் கூடும். 160 கிலோமீட்டருக்குள் கிடைத்த பொருளை நான்காம் பதிப்பு இருமடங்காகக் கணக்கிடுகிறது. வடசென்னை அனல்மின் நிலையம் நமக்குச் சுமார் 100 கிலோமீட்டர்தான். ஆக, மாமாவின் கல் நல்ல கல்லே.

உண்மையான செலவாளி சிமெண்டு! சுண்ணாம்புக் கல்லை 1450 பாகை செல்சியஸ் வரை சுட்டால்தான் சிமெண்டு. எரிபொருளிலிருந்தும் கரியமில வாயு, கல்லிலிருந்தும் கரியமில வாயு. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 அல்லது 8 சதவீதம் இத்தொழிலுடையது. இதனால்தான் சிமெண்டிலும் 35 சதவீதம் வரை சாம்பலைக் கலக்க இந்தியத் தர அளவு இடமளிக்கிறது. பாட்டி வீட்டுச் சுவரிலோ சிமெண்டே இல்லை, சுண்ணாம்புக் காரைதான். சுண்ணாம்பைச் சுட 900 பாகை போதும். சுடும்போது வெளியேறிய வாயுவில் ஒரு பகுதியைச் சுவர் உலர உலரக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை அதில் சேர்த்து அரைத்த கதையைப் பாட்டி இன்றும் சொல்கிறார்.

கொத்தனாரின் கைத்திறனும் ஒரு பொருள்தான் என்பேன். இங்கிலாந்தில் பிறந்து நம் நாட்டவராகவே வாழ்ந்த லாரி பேக்கர், செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையைக் கேரளத்தில் பரப்பினார். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். இடையில் நிற்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். திருவனந்தபுரம் லொயோலாவில் 1971இல் அவர் கட்டிய சிற்றாலயத்தில் செங்கல் வலைச் சுவர்கள் வழியே வெளிச்சமும் காற்றும் வருகின்றன. அன்று எந்தச் சான்றிதழும் கிடையாது.

மாமாவின் கேள்விக்கு உரிய முக்கியமான பதில் இனிமேல்தான் வருகிறது. அந்த 13இல், கட்டடத்தை இடிக்காமல் வைத்துக்கொள்வதற்கே 5 மதிப்பெண்கள் வரை உண்டு. அடையாளம் பெற்ற தொன்மைக் கட்டடமாயின் முழுதாக 5. சாதாரண வீடாயின், பழைய சுவர், கூரை, மரம் ஆகியவற்றில் பாதியைத் திரும்பப் பயன்படுத்தினால் 3. முக்கால் பங்கானால் 4. காரணம் எளிது. பாட்டி வீட்டுச் செங்கல்லைச் சுட்ட நெருப்பு எப்போதோ எரிந்து அணைந்துவிட்டது. இடித்தால் அந்த நெருப்பும் வீண். புதுக் கல்லுக்கு மற்றொரு நெருப்பும் வேண்டும். இடிபாட்டைக் கொட்ட ஓர் ஏரி ஓரமும் வேண்டும். நம் ஊர்க் கைலாசநாதர் கோயிலை நினைத்துப் பாருங்கள். கருங்கல் அடித்தளத்தின் மேல் மணற்கல்லால் இராசசிம்மன் எழுப்பிய கோயில். மணற்கல் பல இடங்களில் அரித்துவிட்டது. ஆயினும் சுமார் 1300 ஆண்டுகளாக வேறு கோயில் கட்டத் தேவை ஏற்படவில்லையே!

மாமா உடனே ஏற்கவில்லை. "மழைக்காலத்துல ஒழுகறதை யாரு அள்ளிக் கொட்டறது? நீயா வரப்போறே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒழுகும் கூரைக்கு மதிப்பெண் பட்டியலைக் குடையாகப் பிடிக்க முடியாதல்லவா? பழைய சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுவதும் எளிதாக இல்லை. அவருக்குக் கூலியும் கூடுதல். மாமாவை அசைத்தது தறிதான். குழித்தறியில் மண்ணின் ஈரக் குளிர்ச்சி பாவு நூல் அறாமல் காக்கும் என்பது நெசவாளர் அனுபவம். பக்கத்துத் தெருவில் கான்கிரீட் கூரையின் கீழ்த் தறி போட்டவர், சித்திரை மாதத்தில் பிற்பகல் முழுவதும் வேலையை நிறுத்திவிடுவதை மாமாவே கண்டிருக்கிறார்.

முடிவில் முன்கூடத்தைத் தொடவில்லை. பின்கட்டு மட்டும் இறங்கியது. அதன் தேக்கு உத்தரங்கள் புதிய அறைக்கு நிலைகளாயின. உடையாத ஓடுகளைச் சித்தாள் பெண்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத் தனியே அடுக்கினார்கள். கணீரென்று ஒலித்தது நல்ல ஓடு. மாடிக்குச் சாம்பல் கல் வந்தது. சான்றிதழுக்கு நாங்கள் விண்ணப்பிக்கவில்லை. சென்ற வாரம் போனபோது பாட்டி பழைய இடத்திலேயே உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தார். மேலே மின்விசிறி இருந்தது, அதைப் போடவில்லை.