கழிச்சலுக்குக் காரணம் எது?

கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கி நிற்கிறது, பச்சையாகக் கழிகிறது. உடனே 'வெள்ளைக் கழிச்சல்' என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய் வைரசினால் வருவது. கோழிக் காலராவோ பாக்டீரியாவினால் வருவது. பறவைக் காய்ச்சலிலும் கழிச்சல் உண்டு. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து வைரசை ஒன்றும் செய்யாது.

பின் எப்படி அறிவது? நோயுற்ற கோழியின் எச்சவாயிலும் மூச்சுக்குழலிலும் பஞ்சுக் குச்சியால் தடவி, அதைப் பனிக்கட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். வைரஸ் உயிருள்ள செல்லில்தான் பெருகும். எனவே மாதிரியை 9 முதல் 11 நாள் வளர்ந்த கருமுட்டையில் செலுத்துவார்கள். சில நாட்களில் முட்டையினுள் உள்ள நீரில் வைரஸ் பெருகிவிடும்.

அந்நீருடன் கோழியின் இரத்தச் செவ்வணுக்களைக் கலப்பார்கள். வைரஸ் இல்லையேல், அணுக்கள் அடியில் சிவப்புப் பொத்தான்போல் படியும். இருந்தால், அவை ஒன்றோடொன்று பிணைந்து வலைபோல் பரவி நிற்கும். ஆனால் பறவைக் காய்ச்சல் வைரசும் இதையே செய்யுமே! அதனால், இராணிக்கெட் வைரசை மட்டும் அடக்கும் எதிர்ப்பொருளை முதலில் சேர்த்துப் பார்ப்பார்கள். பொத்தான் மீண்டும் தோன்றினால், வைரஸ் அதுவே. தடுப்பு மருந்திலுள்ள உயிருள்ள வைரசும் இச்சோதனையில் அகப்படும். அதையும் கொடிய வகையையும் மரபணுச் சோதனை பிரித்துக் காட்டும்.

இராணிக்கெட் நோய்க்கு மருந்தில்லை, தடுப்பூசி உண்டு. எனவே கோழிகள் அடுத்தடுத்து மடிந்தால், நீங்களே அறுத்துப் பார்க்காதீர்கள். தூக்கி எறியவும் வேண்டாம். பறவைக் காய்ச்சலாயின் அது மனிதரையும் தொற்றலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். இறந்த கோழி தரும் விடை, எஞ்சிய கோழிகளைக் காக்கும்.