உற்றறியும் இசை

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகைப்படுத்தும் இடத்தில், உடம்பினால் உற்றறிதலை முதலறிவாகவும் செவியினால் கேட்டறிதலை ஐந்தாம் அறிவாகவும் வைத்துள்ளார். புல்லுக்கும் மரத்துக்கும் உரிய அம்முதலறிவு மாந்தர்க்கும் உண்டு. ஆயினும் இசை என்றவுடன் ஐந்தாம் அறிவை மட்டுமே நாம் நினைக்கின்றோம். செவிப்புலன் இல்லாதவர்க்கும் இசைக்கும் தொடர்பே இல்லை என்ற முடிவுக்கும் எளிதில் வந்துவிடுகின்றோம்.

பத்தாண்டுகளுக்கு முன், தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தெருக்கூத்துக் காணச் சென்றிருந்தோம். பிறவியிலேயே காது கேளாத சிறுவன் ஒருவன், பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும், மிருதங்கக்காரர் அமர்ந்திருந்த மரப்பலகையின் ஓரத்தில் இரு உள்ளங்கைகளையும் ஊன்றி நின்றான். தாளம் மாறும்போதெல்லாம் அவன் தலையசைப்பும் மாறியது. "இவனுக்கென்ன கேட்கப் போகிறது? தள்ளி நிற்கச் சொல்லுங்கள்" என்று பெரியவர் ஒருவர் அவன் கையைப் பிடித்து அப்பால் கொண்டுபோய் விட்டார். அவர் தீய எண்ணத்தால் அவ்வாறு செய்யவில்லை. ஆடுவோர் கால்பட்டுவிடும் என்ற கவலையே காரணம். அச்சிறுவன் அங்கு என்ன செய்துகொண்டிருந்தான் என்பதை நாம் அறிந்திருந்தும் வாளாவிருந்தோம். அது இன்றளவும் உறுத்துகின்றது. இக்கட்டுரைக்கு அதுவே தோற்றுவாய்.

ஒலி என்பது அதிர்வு. காவிரி பெருகி ஒகேனக்கலில் வீழும் நாளில் பாறைமேல் நின்றவர்கள், அவ்வோசை காதில் மட்டுமன்றி மார்பிலும் உள்ளங்காலிலும் வந்து மோதுவதை அறிவர். மனிதச் செவி நொடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுகள் வரை உணரும். தோல் ஏறத்தாழ 1,000 அதிர்வுகள் வரையே உணரும். தோலின் ஆழத்திலுள்ள பாசினியன் நுண்ணுறுப்புகள் நொடிக்கு 200 முதல் 300 வரையான அதிர்வுகளை மிகக் கூர்மையாகப் பற்றுகின்றன. பறை, பம்பை, தவில் ஆகியவற்றின் முழக்கத்தில் பெரும்பகுதி இவ்வெல்லைக்குள் அடங்கும். நோன்புக் காலத்தில் சஹர் வேளையில் பக்கீர்சாக்கள் தட்டிவரும் தப்ஸும் அத்தகையதே. நம் முன்னோர் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி எனப் பகுத்தனர். அவற்றுள் தோற்கருவியின் ஒலியே தோலுக்கு மிக நெருக்கமாக இருப்பது எண்ணி மகிழத்தக்கது.

இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. இருபுலனும் இழந்த எலன் கெல்லர் அம்மையார் 1924ஆம் ஆண்டு வானொலிப் பெட்டியின் அதிரும் தகட்டில் விரல் வைத்து, பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை உணர்ந்து இன்புற்றதைக் கடிதமாகவே எழுதியுள்ளார். இசுக்காட்லாந்து நாட்டு எவலின் கிளென்னி பன்னிரண்டு வயதுக்குள் செவிப்புலனைப் பெரிதும் இழந்தவர். அவருடைய பள்ளி ஆசிரியர் முரசை முழக்கும்போது சுவரில் கைவைத்து உணருமாறு பயிற்றினார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற தாளக் கலைஞராகிய அவர், தரையின் அதிர்வை உணர்வதற்காகப் பாதணி இன்றியே மேடையில் வாசிப்பவர். காலால் கேட்கும் கலைஞர் என்றால் மிகையன்று.

அறுவை மருத்துவம் இருக்க இவையெல்லாம் எதற்கு என்று வினவுவோர் உண்டு. 1978இல் ஆசுத்திரேலியாவின் மெல்போர்னில் கிரேம் கிளார்க் என்னும் மருத்துவர் பல மின்வாய்களைக் கொண்ட உட்செவிக் கருவியைப் பொருத்தினார். அவ்வழியில் வந்த 'காக்ளியர்' கருவிகள் இன்று தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ்ச் சிறு குழந்தைகளுக்குப் பொருத்தப்படுகின்றன. பேச்சைக் கேட்கவும் பேசவும் அவை ஆற்றும் பணி அளப்பரியது. அதனை நாம் சிறிதும் குறைத்துரைக்கவில்லை. ஆனால் இயற்கைச் செவியில் ஒலியை வாங்கும் மயிர்க்கலங்கள் ஏறத்தாழ 15,000. கருவியிலோ மின்வாய்கள் 12 முதல் 22 வரையே. எனவே தாளம் தெளிவாகக் கேட்கும், பண் கலங்கிப்போகும். வெளியே அணியும் பகுதி பழுதுற்றாலோ, மின்கலம் தீர்ந்தாலோ மீண்டும் அமைதிதான். வளர்ந்த பின் செவியிழப்பு அறியப்பட்டவர்களும் கருவி வேண்டாதவர்களும் வேறு உள்ளனர்.

ஆகவே ஆய்வாளர் சிலர் செவியை விடுத்துத் தோலை நாடினர். கனடாவின் டொரான்டோ நகரில், அன்று ரையர்சன் எனப்பட்ட பல்கலைக்கழகத்தில், இசையை முதுகால் உணரும் நாற்காலி ஒன்றை உருவாக்கினர். அதன் நுட்பம் சுவையானது. உட்செவி நத்தை ஓட்டைப் போன்றது. அதன் ஒரு முனை உயர்ந்த ஒலியையும் மறுமுனை தாழ்ந்த ஒலியையும் வாங்கும். நாற்காலியிலும் அவ்வாறே ஒலியைப் பல கூறாகப் பிரித்து, தாழ்ந்த சுருதியை இடுப்பருகிலும் உயர்ந்த சுருதியைத் தோளருகிலும் அதிரச் செய்தனர். அடுத்தடுத்த இரு சுரங்களை வேறுபடுத்தும் ஆற்றல் தோலுக்குக் குறைவு. எந்த இடத்தில் அதிர்ந்தது என்று அறியும் ஆற்றலோ மிகுதி. தோலால் இயலாததைக் கேளாமல் இயல்வதைக் கேட்டமையே அவ்வடிவமைப்பின் வெற்றி. 2009இல் அந்நாற்காலிகளைக் கொண்டு அந்நகரில் செவிப்புலனற்றோர்க்கான இசைநிகழ்ச்சியும் நடந்தது.

இக்கருத்தை நம் மாணவர்களிடம் கூறியபோது, "கைப்பேசி அதிர்வதைப் பயன்படுத்தலாமே, ஐயா" என்றான் ஒருவன். நல்ல வினா. பெரும்பாலான எளிய கைப்பேசிகளில் இருப்பது ஒருபுறம் கனத்த சிறு சுழலி. அதில் வேகம் கூடினால் வலிமையும் கூடும். இரண்டையும் தனித்தனியே ஆள இயலாது. சுழலத் தொடங்கவும் நிற்கவும் அதற்குச் சிறுபொழுது வேண்டும். துரித காலத்தில் விழும் அடிகள் ஒன்றோடொன்று குழைந்துவிடும். ஒலிபெருக்கியில் உள்ளது போன்ற காந்தமும் கம்பிச்சுருளும் இக்குறை இல்லாதவை. ஒலியின் வடிவத்தை அப்படியே பின்பற்றி அசைபவை.

இவற்றைக்கொண்டு எளிய கருவி ஒன்றை இங்கேயே செய்யலாம். ஒருவர் நிற்கவும் படுக்கவும் போதிய ஒட்டுப்பலகை. அதன் நான்கு மூலையிலும், அதிர்வு தரைக்குப் போய்விடாதபடி ரப்பர்க் கட்டைகள். அடியில் காந்தச்சுருள் அதிர்விகள். பண்ணின் உயர்ந்த சுருதிகளைத் தோல் உணரும் எல்லைக்கு இறக்கித் தரும் மின்சுற்று. காதுகேளாதோர் பள்ளிகளில் ஊதிய பலூனை மார்போடு அணைத்து இசையை உணரச் செய்வதுண்டு; அதற்குப் பலூன் விலைதான். ஒன்றை மட்டும் வலியுறுத்துவோம். எது இனிது, எது வெறும் நடுக்கம் என்று சொல்ல வேண்டியவர்கள் செவியுடைய நாம் அல்லர். அதிர்வை மிகைப்படுத்தினால் அவர்கள் முகம் சுளிப்பார்கள், அச்சுளிப்பே அளவுகோல்.

வரும் முத்தமிழ் விழாவில் மேடையின் இடப்புறம் இத்தகைய பலகை ஒன்றை இடுவதென இயற்பியல் துறை நண்பர்களோடு பேசியுள்ளோம். பலகைக்கு அளவும் கொடுத்தாயிற்று. அன்று கூத்தில் கண்ட சிறுவன் இன்று இளைஞன். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பதாகக் கேள்வி. விழாவுக்கு அவனை வரச்சொல்லி அவன் வீட்டாரிடம் சொல்லியனுப்பியிருக்கின்றோம்.