2 மெகாபைட்டுக்குள் ஒரு மாயக் கோட்டை

2001 நவம்பரில் ‘ஹாரி பாட்டர்’ வரிசையின் முதல் படம் திரைக்கு வந்தது. அதே மாதம் அது வீடியோ கேமாகவும் கடைகளுக்கு வந்தது. அட்டையில் பெயர் ஒன்றுதான். உள்ளே இருந்த ஆட்டங்கள் வேறு வேறு. கணினிக்கு ஒரு நிறுவனம், முதல் பிளேஸ்டேஷனுக்கு இன்னொன்று, கையடக்கமான கேம்பாய் கலருக்கு மற்றொன்று என கதை நடக்கும் ஹாக்வார்ட்ஸ் என்ற கோட்டைப் பள்ளியைத் தனித்தனியே கட்டினார்கள்.

பிளேஸ்டேஷன் ஆட்டத்தை உருவாக்கியது பிரிட்டனின் ஆர்கோநாட். அந்தக் கருவியின் முதன்மை நினைவகம் வெறும் 2 மெகாபைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படத்துக்கே பெரும்பாலும் அதைவிட அதிக இடம் வேண்டும். அதை வைத்துக்கொண்டே கோட்டை, மாணவர்கள், மந்திரங்கள், துடைப்பத்தில் பறக்கும் குவிடிச் போட்டி எல்லாவற்றையும் காட்டினார்கள்!

எப்படி? முப்பரிமாண உருவங்கள் முக்கோணங்களால் ஆனவை. அவற்றின்மேல் ‘டெக்ஸ்சர்’ எனப்படும் தட்டைப் படத்தைப் போர்த்துவார்கள். கதையில் வரும் ஹாக்ரிட்டின் தாடியில் ஒரு முடிகூடக் கிடையாது. சில முக்கோணங்களும் தாடி வரைந்த போர்வையும்தான்.

அடுத்த சிக்கல், எது முன்னே, எது பின்னே என்பது. பின்னாளில் வந்த கருவிகள் ஒவ்வொரு புள்ளியின் தொலைவையும் குறித்து வைத்துக்கொண்டன. பிளேஸ்டேஷனில் அந்த வசதி இல்லை. ஆகவே முக்கோணங்களைத் தொலைவுப்படி வரிசையாக்கி, தூரத்தில் இருப்பதை முதலில் தீட்டி, அருகில் இருப்பதை அதன்மேல் தீட்டினார்கள். ‘ஓவியர் முறை’ என்று இதற்குப் பெயர். தூணுக்குப் பின்னே மறையப்போகும் சுவரும் தீட்டப்படும், உடனே மூடப்படும். நொடிக்குப் பலமுறை இந்த வேலை முதலிலிருந்து நடக்கும்.

வேகத்துக்காக இன்னொரு கணக்கையும் அந்தக் கருவி விட்டுவிட்டது. படத்தைப் போர்த்தும்போது, தொலைவில் உள்ள பகுதி சுருங்கித் தெரிய வேண்டும் என்பதை அது பார்ப்பதில்லை. பழைய பிளேஸ்டேஷன் ஆட்டம் ஏதாவது கிடைத்தால், சுவரை ஒட்டி நின்று மெல்லத் திரும்பிப் பாருங்கள், நேர்கோடுகள் வளையும்.

கேம்பாய் கலரின் திரையோ மிகச் சிறியது: அகலத்தில் 160 புள்ளி, உயரத்தில் 144. அதை 8 புள்ளிச் சதுரங்களாகப் பிரித்தால் 360 கட்டங்கள். ஒருமுறை வரைந்த செங்கல் சதுரத்தையே திரும்பத் திரும்ப அடுக்கினால் நீண்ட சுவர் எழும்பிவிடும். இந்தக் கருவிக்கான ஆட்டத்தை உருவாக்கிய கிரிப்டோனைட் நிறுவனம், முறைவைத்து மந்திரத்தைத் தேர்ந்தெடுத்துப் போரிடும் ஆட்டமாகவே கதையை மாற்றியது. விரல் வேகத்தைவிட எந்த மந்திரம் எப்போது என்ற யோசனைக்கே அங்கு வேலை. மந்திரம் கற்கும் மாணவனின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் அந்த ஆண்டு வேறு எதிலும் வரவில்லை என்றே சொல்வேன்.