தொலைவிலிருந்து வந்த ஓர்க்கிட் கன்றைத் தேற்றுதல்

நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரர் சிலர் தம் வீட்டு முற்றத்தில் ஓர்க்கிட் செடிகளையும் வளர்த்து வருகின்றனர். அழகுக்காக ஒன்றிரண்டு வைத்திருப்போரும் உளர்; பூ விற்று மேல் வருவாய் பெறக் கருதுவோரும் உளர். இவர்கள் வாங்கும் கன்றுகள் பல, தொலைவிலுள்ள நாற்றுமேடைகளிலிருந்து பெட்டிகளில் அடைக்கப்பட்டு வருவன. விலை கொடுத்து வாங்கிய கன்று சில வாரங்களுள் மடிந்து போவதுமுண்டு. இவ்விழப்புக்குப் பெரும்பாலும் காரணமாவது அளவுக்கு மிஞ்சிய நீரும் காலத்துக்கு முந்திய பசளையுமேயாகும்.

நெல் நாற்றும் ஓர்க்கிட் கன்றும்

பிடுங்கிய நெல் நாற்றைச் சேற்றில் நட்டால் அது சில நாட்களில் வேர் பிடித்து நிமிர்கின்றது. நெற்பயிரின் தண்டினுள்ளும் வேரினுள்ளும் காற்று செல்லும் வழிகள் இருத்தலால், நீருள் நிற்கும் வேருக்கும் மேலிருந்து காற்றுக் கிடைக்கின்றது.

வீடுகளில் வளர்க்கப்படும் டென்ட்ரோபியம், வண்டா, பெலனொப்சிஸ் முதலிய ஓர்க்கிட்டுகளின் இயல்பு வேறு. இவை இயற்கையில் மரக்கிளைகளைப் பற்றி வளர்வன. இலங்கையின் உலர் வலயத்திலும் வண்டா இனமொன்று இவ்வாறே மரங்களில் வளர்கின்றது. இவற்றின் வேரைச் சூழப் பஞ்சு போன்ற உறையொன்று உண்டு. மழை பெய்யும்போது அது நீரை உறிஞ்சிக் கொள்ளும். பின்னர்க் காற்றில் உலரும். உலர்ந்த வேர் வெண்மையாகத் தோன்றும். நனைந்ததும் உள்ளேயிருக்கும் பச்சை நிறம் தெரியும். இவ்வேர் இடைவிடாது ஈரத்திற் கிடந்தால் காற்றின்றி அழுகிவிடும்.

பெட்டியினுள் இருளிலும் புழுக்கத்திலும் இருந்த கன்றின் இலைகளும் தண்டுகளும் சுருங்கியிருத்தல் இயல்பு. இச்சுருக்கத்தைக் கண்டு மேலும் மேலும் நீரூற்றுதல் கூடாது. உறிஞ்சுவதற்கு நல்ல வேர் இல்லாதபோது ஊற்றும் நீர், எஞ்சிய வேரையும் அழித்துவிடும்.

பெட்டி வந்த அன்று செய்ய வேண்டியவை

1. பெட்டியைத் தாமதியாது திறந்து, சுற்றியுள்ள காகிதத்தையும் ஈரப் பஞ்சையும் நீக்குக.

2. வேர்களை விரலால் மெதுவாக அழுத்திப் பார்க்க. உறுதியான வேர் நல்லது. மெத்தென்று நசுங்கி, மேலுறை கழன்று நார் மட்டும் எஞ்சுவது அழுகிய வேர். கத்தியின் அலகைத் தீயிற் காட்டி ஆறவிட்டு, அழுகிய பகுதியை வெட்டி நீக்குக. வெட்டு வாயில் மாத்திரம் கறுவாத் தூளைச் சிறிது தடவலாம். அது உலரச் செய்யும் தன்மையுடையது; ஆகையால் நல்ல வேரிற் படலாகாது.

3. இலையின் அடிப்புறத்திலும் இலைக் கக்கங்களிலும் செதிற்பூச்சி, வெண்ணிற மாப்பூச்சி, நத்தை ஆகியன உளவா எனப் பார்க்க. குற்றமொன்றும் காணாவிடினும், புதுக் கன்றை 3 அல்லது 4 வாரம் ஏனைய செடிகளுக்கு அப்பால் வைத்தல் நன்று.

4. பூங்கொத்து இருப்பின் வெட்டிவிடுக. பூவுக்குச் செல்லும் சத்துப் புதுவேருக்குப் பயன்படட்டும்.

5. சட்டியின்றி வந்த கன்றின் வேரை 15 முதல் 20 நிமிடம் வரை சுத்தமான நீரில் நனைத்து, பின் நிழலில் நீர் வடியவிடுக.

சட்டியில் வைத்தல்

சட்டியுடன் வந்த கன்றில் வேரும் ஊடகமும் நன்றாயிருப்பின், அதனைச் சில வாரம் கலைக்காது விடுக. வேர் வெளித்தெரிய வந்த கன்றையே உடன் சட்டியில் வைத்தல் வேண்டும்.

பக்கங்களிலும் துளையுள்ள சிறிய மண்சட்டி ஏற்றது. வேர்கள் அடங்கும் அளவு போதும். பெரிய சட்டி நெடுநேரம் ஈரத்தைத் தாங்கும். சட்டியை மரக்கரித் துண்டுகளாலும் உடைந்த ஓட்டுத் துண்டுகளாலும் நிரப்புக. தென்னம் பொச்சுத் துண்டும் சேர்ப்பதாயின், அதைச் சில நாள் நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் கழுவிய பின்னரே உபயோகிக்க வேண்டும். வயல் மண்ணோ தோட்ட மண்ணோ கூடாது.

தண்டின் அடியைப் புதையாது மேலே தெரியுமாறு வைத்து, கன்றைச் சிறு குச்சியொன்றோடு கட்டுக. ஆடும் கன்றின் புதுவேர் நுனி உராய்ந்து முறிந்துவிடும்.

நிழலும் நீரும்

இருளிலிருந்து வந்த இலை நேர் வெயிலிற் கருகும். முதல் இரண்டு வாரம் கிடுகுப் பந்தலின் கீழோ மரநிழலிலோ வைத்து, பின்னர் காலை இளவெயில் சிறிது சிறிதாகப் படுமாறு செய்க. வெளிச்சம் மிக வேண்டும் இனங்களையும் இவ்வாறு படிப்படியாகவே பழக்குதல் வேண்டும். சோளகக் காற்று வீசும் இடங்களில் காற்றுத் தடுப்பு அவசியம். மழை மிகுந்த இடங்களில் மேற்கூரை அவசியம்.

வேர் பற்றும் வரையில் கன்றைத் தாங்குவது சூழவுள்ள காற்றின் ஈரப்பதனேயாகும். சட்டியின் கீழே நிலத்தில் மணலோ ஓட்டுத் துண்டோ பரப்பி, அதனை நனைத்து வருக. சட்டியின் அடி அவ்வீரத்தில் முட்டாதவாறு உயர்த்தி வைக்க. காலையில் வேரிலும் ஊடகத்திலும் நீரைத் தூவுக. வேர் மீண்டும் வெளுத்த பின்னரே அடுத்த முறை தூவுக. குருத்தில் நீர் தேங்கலாகாது. மாலையாகுமுன் இலை உலர்ந்திருத்தல் வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்று நீரிற் சுண்ணாம்பு மிகுதி. சில இடங்களில் உப்பும் உண்டு. அங்கு மாரியிற் சேர்த்து வைத்த மழைநீரைக் கொடுத்தல் சிறந்தது.

பசளை

புதுவேரின் பச்சை நுனி தோன்றும் வரை பசளை இடலாகாது. தோன்றிய பின், பொதியிற் கூறப்பட்ட அளவின் நாலில் ஒரு பங்கை நீரிற் கரைத்து, இரு வாரத்துக்கு ஒரு முறை தெளிக்கலாம். செடி வளரத் தொடங்கியதும் அளவைச் சிறிது கூட்டலாம்.

தேறியதற்கு அடையாளம்

பழைய இலை ஒன்றிரண்டு மஞ்சளித்து உதிர்தல் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. சுருங்கிய பழைய இலை முற்றாக நிமிராமலும் போகலாம். புதுவேரும் புதுத் தளிருமே கன்று தேறியதற்கு அடையாளம். இவை தோன்றச் சில வாரம் முதல் இரண்டு, மூன்று மாதம் வரை செல்லலாம். அதுவரை சட்டியைக் கிளறிப் பார்த்தலும் அடிக்கடி இடம் மாற்றுதலும் கூடா. அடித்தண்டு கறுத்து நீர் கசிந்தால் மட்டும் உடனே எடுத்து, அழுகலை வெட்டி நீக்கி உலரவிடுக.

பிறநாட்டுக் கன்றுகள்

1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம், பிறநாட்டுத் தாவரங்களுடன் நோயும் பூச்சியும் நாட்டினுள் நுழையாது காத்தற்காக இயற்றப்பட்டது. கன்றுகளைத் தருவிக்க விரும்புவோர் முன்னதாகவே இறக்குமதி அனுமதிப் பத்திரம் பெறுதல் வேண்டும். ஒருவர் மறைத்துக் கொண்டுவரும் ஒரு கன்றிலுள்ள பூச்சி, அயலவர் எல்லோருடைய தோட்டத்துக்கும் கேடாய் முடியலாம்.

மேலும் விபரம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.