மலைப்பாதை ஜீப்புக்கு நல்ல பட்டறை

இடுக்கியின் சூரியநெல்லியிலிருந்து தேனி மாவட்ட எல்லையிலுள்ள கொழுக்குமலைக்குச் செல்லும் கற்பாதையில் ஜீப்புகளே ஏறுகின்றன. பாலக்காட்டின் நெல்லியாம்பதி மலைக்காட்டிலும் அத்தகைய பாதைகள் உண்டு. அங்கு ஓடும் வண்டியின் ஸ்டீயரிங்கும் ஆக்சிலும் விரைவில் தேய்வது இயல்பே. எனவே, பட்டறையைத் தேர்வதில் மிகுந்த கவனம் தேவை.

நல்ல மெக்கானிக் விலை கூறுமுன் முன்சக்கரங்களை ஜாக்கியால் உயர்த்தி அசைத்துப் பார்ப்பார். டை ராடு முனைகள், கிங் பின், பேரிங் ஆகியவற்றின் தளர்ச்சி அப்போது புலப்படும். உடைந்த டை ராடை வெல்டிங் செய்து தருவதாகக் கூறும் பட்டறையைத் தவிர்த்துவிடுங்கள். இறக்கத்தில் அது மீண்டும் முறிந்தால் வண்டியைத் திருப்ப இயலாது.

வண்டியின் உயரத்தைக் கூட்டினால் முன் ஆக்சிலின் சாய்வுக் கோணம் மாறும். திருப்பிய சக்கரம் தானே நேராவது குறையும். பெரிய டயர்கள் ஸ்டீயரிங் பெட்டியின் சுமையைக் கூட்டும். இவற்றை மறைக்காமல் எடுத்துரைப்பவரே நம்பத்தக்கவர்.

சட்டமும் கருதத்தக்கது. உற்பத்தியாளரின் மூல அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றலாகாது என, கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அனுமதியற்ற மாற்றத்தால் விபத்துக் காப்பீட்டுத் தொகை கிடைப்பது சிக்கலாகலாம். கடன் தவணையோ நில்லாது.

தேய்ந்ததற்கு ஈடாக அதே வகை உதிரிபாகத்தைப் பொருத்துவது பராமரிப்பு. அதற்கான ரசீதைப் பாதுகாத்து வையுங்கள். அமைப்பையே மாற்ற விரும்பினால், முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தையும் காப்பீட்டு நிறுவனத்தையும் கடன் தந்த வங்கியையும் அணுகுங்கள். பட்டறைக்குப் பின்னர் செல்லலாம்.